இரண்டு பாகம் ஆழம்

நுழையும்முன்

சிரிக்க வைக்கும் எழுத்து எளிதானது போலத் தோன்றும். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம், எதற்காகச் சிரிக்கிறோம் என்று கேட்கத் தொடங்கினால் அதன் ஆழம் புலப்படும். மார்க் ட்வைன் என்னும் அமெரிக்க நாவலாசிரியரின் நூலொன்றை வைட்டிலாவில் வாழும் தமிழ் மாணவி ஒருத்தி படித்த விதத்தை இக்கட்டுரை கூறுகிறது.

படகுத்துறையில் ஒரு புத்தகம்

வைட்டிலா, கொச்சி மாநகரின் பரபரப்பான சந்திப்பு. மேம்பாலத்தின் மீதும் கீழும் வண்டிகள் ஓய்வின்றி ஓடுகின்றன. அருகிலேயே மெட்ரோ நிலையமும், 2011ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பேருந்து நிலையமும் உள்ளன. அந்நிலையத்தை அடுத்துள்ள படகுத்துறையிலிருந்து 2023 ஏப்ரல் முதல் காக்கநாட்டுக்கு நீர் மெட்ரோ படகுகள் செல்கின்றன. மலைகளைக் கடந்து வரும் பேருந்துகளிலிருந்து துணிமூட்டைகளோடும் குழந்தைகளோடும் தமிழ்க் குடும்பங்கள் இறங்குவது இங்கே அன்றாடக் காட்சி.

அவ்வாறு கம்பத்திலிருந்து வந்த குடும்பங்களுள் ஒன்று அம்மாணவியின் குடும்பம். அவளுடைய தந்தை தள்ளுவண்டியில் இஸ்திரி போடும் தொழிலாளி. சிரட்டைக் கரியின் கனலில் பெட்டி சூடேற, அடுக்குமாடிக் குடியிருப்புகளிலிருந்து வந்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் அடுக்கப்படும். சனிக்கிழமை மாலைகளில் அத்துணிகளை வீடுவீடாகக் கொண்டு கொடுப்பது ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகளின் வேலை. இடையில் கிடைக்கும் நேரத்தில் வண்டியின் ஓரம் அமர்ந்து நூலகப் புத்தகம் படிப்பாள்.

ஒரு மாலையில் அவள் கையில் இருந்தது, ‘ஹக்கிள்பெரி ஃபின்னின் சாகசங்கள்’ என்னும் ஆங்கில நாவல். சுருக்கப் பதிப்பு அன்று, முழு நூல். முதல் பக்கத்திலேயே அவளுடைய புருவம் சுருங்கியது. அதைக் கவனித்த தந்தை கேட்டார்.

“என்ன தாயி, புத்தகத்த அப்படி மொறச்சுப் பாக்குற?”

“இதுல வர்ற பையன் தப்புத் தப்பா இங்கிலீஷ் பேசுறான்ப்பா. நான் பரீட்சையில இப்படி எழுதுனா முட்டைதான் கிடைக்கும்.”

“அவங்க ஊருப் பேச்சு அப்படி இருக்கும். நாம பேசுறத ஒருத்தன் அப்படியே எழுதி வச்சா, படிக்கிறவன் என்ன சொல்லுவான்?”

பள்ளிப் படிப்பை ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்ட தந்தை கேட்ட இந்தக் கேள்வி, அந்நாவலின் வாசலைச் சரியாகத் திறந்துவிட்டது.

ஆற்றில் பிறந்த பெயர்

மார்க் ட்வைனின் இயற்பெயர் சாமுவேல் லாங்ஹார்ன் கிளமென்ஸ். அவர் 1835 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் பிறந்தார். மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள ஹானிபல் என்னும் சிற்றூரில் வளர்ந்தார். பதினோராம் வயதில் தந்தையை இழந்தார். அதன்பின் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலைக் கற்றார். பின்னர் மிசிசிப்பியில் ஓடிய நீராவிப் படகுகளை வழிநடத்தும் மாலுமியாகப் பயின்று, 1859இல் அதற்கான உரிமம் பெற்றார்.

அக்காலப் படகுகளின் முன்புறத்தில் ஒருவர் நின்று, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை நீருக்குள் விட்டு ஆழத்தை அளந்து உரக்கக் கூவுவார். தமிழ்நாட்டுக் கடலோர மீனவர் கடலின் ஆழத்தைப் ‘பாகம்’ என்னும் அளவால் சொல்வர். விரித்த இரு கைகளின் நீளம், ஏறத்தாழ ஆறடி, ஒரு பாகம். கயிறு இரண்டு பாகம் காட்டினால், அதாவது பன்னிரண்டு அடி ஆழம் இருந்தால், மிசிசிப்பியில் ஒலித்த குரல் ‘மார்க் ட்வைன்’. ‘படகு தரைதட்டாது, துணிந்து செல்லலாம்’ என்பது அதன் கருத்து. 1863 முதல் அந்தக் குரலையே தம் புனைபெயராக அவர் சூட்டிக்கொண்டார்.

‘டாம் சாயரின் சாகசங்கள்’ 1876இல் வெளிவந்தது. மூன்றே ஆண்டுகள் கழித்து, 1879இல், தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சேறியது. அதன் ஆசிரியர் மாயூரம் முனிசீப் வேதநாயகம் பிள்ளை. இருவரும் ஒருவரையொருவர் அறிந்தவர் அல்லர். ஆயினும் சமூகத்தின் குறைகளைச் சிரிப்போடு சொல்ல நாவல் ஏற்ற வடிவம் என்பதை இருவேறு கண்டங்களில் ஏறத்தாழ ஒரே காலத்தில் கண்டறிந்தவர்கள்.

நாவல் சொல்லும் கதை

ஹக் ஃபின் பதின்மூன்று அல்லது பதினான்கு வயதுச் சிறுவன். தந்தை குடிகாரர், மகனை அடித்துத் துன்புறுத்துபவர். அவரிடமிருந்து தப்பி ஓடும் ஹக், ஓர் ஆற்றுத் தீவில் ஜிம் என்னும் கறுப்பின மனிதரைச் சந்திக்கிறான். மிஸ் வாட்சன் என்னும் பெண்மணியின் அடிமை அவர். தம்மைத் தொலைதூரத்துக்கு விற்றுவிடப் போகிறார்கள் என அஞ்சி ஓடிவந்தவர். இருவரும் ஒரு தெப்பத்தில் ஏறி மிசிசிப்பியின் வழியே செல்கிறார்கள். இரவில் பயணம், பகலில் மறைந்திருத்தல்.

இக்கதையை ஹக்கே தன் வாயால் சொல்கிறான். அவனுக்குத் தெரிந்த மொழி அவன் தெருவின் மொழி. நூலின் தொடக்கத்திலேயே, இதில் பல வட்டார வழக்குகள் கையாளப்பட்டுள்ளன என்றும், அவை மிகுந்த கவனத்தோடு எழுதப்பட்டவை என்றும் ட்வைன் குறிப்பிடுகிறார். பிழை என்று மாணவி எண்ணியது பிழை அன்று. காது கொடுத்துக் கேட்டு எழுதிய பேச்சு. தமிழில் கரிசல் மண்ணின் பேச்சைக் கதைகளில் எழுதியதோடு, அதற்கென வட்டார வழக்குச் சொல்லகராதியும் தொகுத்த கி. ராஜநாராயணன் செய்த பணியும் இத்தகையதே.

1885இல் இந்நூல் அமெரிக்காவில் வெளியானபோது, கான்கார்டு நகரப் பொது நூலகம் இதனைத் தன் அலமாரியில் வைக்க மறுத்தது. மொழி கரடுமுரடானது, நூல் நாகரிகமற்றது என்பது அவர்கள் சொன்ன காரணம். ட்வைன் கலங்கவில்லை, இந்தத் தடையால் இருபத்தைந்தாயிரம் படிகள் கூடுதலாக விற்கும் என்று வேடிக்கையாகக் கூறினார்.

மாணவிக்கு இச்செய்தி புதிதாகப் படவில்லை. வீட்டில் கம்பத்துத் தமிழ், தெருவில் மலையாளம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் என்று நான்கு மொழிகளுக்கிடையே வளர்பவள் அவள். விடுமுறையில் கம்பம் சென்றால், “மலையாளத்துக்காரி வந்துட்டா” என்று உறவுப் பிள்ளைகள் அவளுடைய பேச்சைப் பழித்துக் காட்டுவார்கள். கொச்சியில் அவளுடைய மலையாளத்தைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். எந்த ஊரிலும் அவளுடைய பேச்சு முழு மதிப்பெண் பெற்றதில்லை.

அங்கதம் என்பது

சிரிப்பின் வழியே குறையைச் சுட்டும் எழுத்தைத் தமிழ் இலக்கணம் ‘அங்கதம்’ என்று அழைக்கிறது. தொல்காப்பியம் அதனை இருவகையாகப் பிரிக்கிறது. குறையை வெளிப்படையாகச் சொல்வது செம்பொருள் அங்கதம். குறையை மறைத்து, வேறொன்று சொல்வதுபோலச் சொல்வது பழிகரப்பு அங்கதம்.

ஔவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்ற செய்தி புறநானூற்றில் உள்ளது. தொண்டைமானின் படைக்கலங்கள் மயிற்பீலி அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல்மிக்க மாளிகையில் இருப்பதையும், தம் மன்னனின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடப்பதையும் அவர் கூறுகிறார். கேட்பதற்குப் புகழ்ச்சி, உட்பொருளோ, ‘நீ போரையே காணாதவன்’ என்பது.

ட்வைனின் நாவலும் இவ்வழியில் நடப்பதே. ஹக் வாழும் ஊரில், அடிமை என்பவர் ஒருவருடைய உடைமை. ஓடிப்போன அடிமைக்கு உதவுவது திருட்டு; பாவமும்கூட. சட்டமும் ஊர்ப் பெரியவர்களும் அவ்வாறே கூறினர். ஹக் அதை நம்புகிறான். ஆகவே ஜிம்முக்கு உதவும் தன்னைத் தீயவன் என்றே எண்ணுகிறான். ஒரு நாள் மனம் திருந்துவதாக நினைத்து, ஜிம் இருக்கும் இடத்தை மிஸ் வாட்சனுக்குத் தெரிவிக்கக் கடிதம் எழுதுகிறான். எழுதியதும் பாவம் கழுவப்பட்டதுபோல் உணர்கிறான். பிறகு ஜிம்மின் நினைவு வருகிறது. ஹக் உறங்கட்டும் என்று அவனுடைய காவல் முறையையும் சேர்த்துத் தாமே கண்விழித்துக் காத்தவர் ஜிம். சற்று நேரம் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நடுங்கும் சிறுவன், தனக்கு நரகமே வாய்த்தாலும் வாய்க்கட்டும் என்று அதைக் கிழித்துவிடுகிறான்.

அச்சிறுவன் தன்னைப் பாவி என்கிறான். படிப்பவருக்கோ பாவம் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. ஆசிரியர் ஓரிடத்திலும் குறுக்கிட்டு அறிவுரை கூறவில்லை. இந்நூலில் நீதியைத் தேடுவோர் நாடு கடத்தப்படுவர் என்றுகூட முகப்பில் விளையாட்டாக எச்சரித்திருக்கிறார்.

இக்கொடுமை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதன்று. டச்சுக்காரர் ஆண்ட காலத்தில் கொச்சித் துறைமுகத்திலிருந்தும் மனிதர்கள் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்டனர். திருவிதாங்கூரிலும் கொச்சி அரசிலும் அடிமைமுறை 1850களில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அமெரிக்காவில் அது 1865இல் ஒழிந்தது.

சுடும் சொல்

நாவலைப் படித்துச் செல்கையில் மாணவியைத் தடுத்து நிறுத்திய இடம் வேறொன்று உண்டு. கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் ஒரு சொல் அந்நூலில் இருநூறு முறைக்கு மேல் வருகிறது. அக்காலத் தெருக்களில் வழங்கிய சொல் என்பதால் ட்வைன் அதை எழுதினார். ஆயினும் வகுப்பறையில் அதை உரக்கப் படிக்கும்போது, கேட்கும் கறுப்பினக் குழந்தையின் மனம் என்னவாகும்? இக்கேள்வி அமெரிக்கப் பள்ளிகளில் பல பத்தாண்டுகளாக எழுந்து வருகிறது. சில பள்ளிகள் இந்நூலையே பாடத்திலிருந்து நீக்கின. 2011இல் வெளிவந்த ஒரு பதிப்பு அச்சொல்லுக்குப் பதிலாக ‘அடிமை’ என்னும் சொல்லை இட்டது. அப்படி மாற்றினால் குழந்தைகள் புண்படாமல் படிக்கலாம் என்றனர் சிலர். மாற்றினால் அக்காலத்தின் கொடுமையே மறைந்துவிடும் என்றனர் வேறு சிலர்.

வகுப்பில் இது பற்றிய உரையாடல் நடந்தபோது தமிழ்ப் பிள்ளைகள் சற்று நேரம் பேசாமல் இருந்தனர். பின்னர் ஒரு மாணவன் மெல்லிய குரலில், “எங்களையும் ‘பாண்டி’ன்னு கூப்பிடுவாங்க” என்றான். அதன்பின் ஒவ்வொருவரிடமும் ஒரு நிகழ்ச்சி இருந்தது. பேருந்தில், விளையாட்டுத் திடலில், கடைத்தெருவில்.

‘பாண்டி’ என்பது பாண்டிய நாட்டைக் குறித்த சொல். சங்கம் வளர்த்த மதுரையின் பெயரோடு சேர்ந்தது. மலைக்கு அப்பாலிருந்து வந்தவர்களைக் குறிக்க மலையாளத்தில் இயல்பாகப் பிறந்த அச்சொல், சிலர் வாயில் ஏளனமாகிவிட்டது. அதே கேரளத்தில், திருச்சூர்ப் பூரத்தின் இலஞ்சித்தறையில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் சேர்ந்து முழக்கும் மேளத்துக்குப் ‘பாண்டி மேளம்’ என்று பெயர். அதைக் கேட்க மக்கள் வெயிலில் காத்து நிற்கிறார்கள். ஓரிடத்தில் பெருமையாக ஒலிக்கும் சொல், மற்றோரிடத்தில் சுடுகிறது. சொல்லுபவரின் நோக்கமே அவ்வேறுபாட்டை உண்டாக்குகிறது.

கீழைக் கடல்களில் ட்வைன்

ட்வைன் தம் பணத்தை ஓர் எழுத்துக்கோப்பு எந்திரத்திலும் ஒரு பதிப்பகத்திலும் இட்டு இழந்தார், 1894இல் நொடித்துப்போனார். கடனைத் தீர்க்க, அறுபதாம் வயதை நெருங்கிய நிலையில், 1895இல் உலகச் சொற்பொழிவுப் பயணத்தைத் தொடங்கினார். 1896 ஜனவரியில் கொழும்பு வழியாகப் பம்பாய் வந்தார். வட இந்தியாவில் பல நகரங்களைச் சுற்றி, மார்ச்சு மாத இறுதியில் கல்கத்தாவிலிருந்து கப்பலேறிச் சென்னையில் ஒரு நாள் தங்கினார். பின்னர் இலங்கைக்குச் சென்றார். இப்பயணத்தை 1897இல் நூலாக்கினார்.

பம்பாயில் அவர் தங்கிய விடுதியில் ஒரு நிகழ்ச்சி நடந்தது. ஐரோப்பியர் ஒருவர், ஏதோ சிறு குறைக்காக, இந்தியப் பணியாளரின் முகத்தில் அறைந்தார். பணியாளர் ஒரு சொல்லும் பேசாமல் அதை ஏற்றுக்கொண்டார். அக்காட்சி ட்வைனை ஐம்பது ஆண்டுகள் பின்னோக்கி, ஹானிபலுக்கு இழுத்துச் சென்றது. தம் தந்தை நேர்மையாளர், அன்பானவர். அவரும் வீட்டில் இருந்த அடிமைச் சிறுவனைச் சிறு தவறுகளுக்கு அடித்தார் என்பதை அவர் மறைக்காமல் எழுதினார். பிறரின் குறையைக் கண்டவுடன் தம் வீட்டின் குறையை நினைத்துப் பார்த்தது அவருடைய நேர்மை.

அவர் குறையே இல்லாதவரும் அல்லர். ‘டாம் சாயர்’ நாவலில் அமெரிக்கப் பழங்குடி மனிதனைக் கொடியவனாக மட்டுமே தீட்டினார். இதையும் அறிந்து படிப்பதே முறையான படிப்பு.

பதினைந்து நிமிடங்கள்

நாவலில் ஒரு பனிமூட்ட இரவு வருகிறது. ஹக்கும் ஜிம்மும் பிரிந்து போகிறார்கள். ஹக் இறந்துவிட்டான் என்று கலங்கி, களைத்து உறங்கிவிடுகிறார் ஜிம். திரும்பி வந்த ஹக், பிரிவே நிகழவில்லை, எல்லாம் கனவு என்று சொல்லி அவரை ஏமாற்றுகிறான். தெப்பத்தில் ஒட்டிக் கிடக்கும் சருகுகளைக் கண்டு ஜிம் உண்மையை உணர்கிறார். தன் நண்பனை வெட்கப்படச் செய்பவன் குப்பைக்குச் சமம் என்னும் கருத்தைச் சொல்லிவிட்டு உள்ளே செல்கிறார். ஓர் அடிமையிடம் தலைதாழ்ந்து மன்னிப்புக் கேட்க ஹக்குக்குப் பதினைந்து நிமிடங்கள் ஆகின்றன. ஆனால் கேட்டுவிடுகிறான், அதற்காக அவன் பின்னர் ஒருபோதும் வருந்தவில்லை.

இப்பகுதியைப் படித்த அன்று மாணவி புத்தகத்தை மூடி வைத்துவிட்டாள். அந்த வாரம்தான் அவள் வகுப்பில், அசாமிலிருந்து வந்த கட்டடத் தொழிலாளியின் மகன் மலையாளப் பாடத்தைத் தட்டுத்தடுமாறிப் படித்தான். ஒருவன் அவனைப் போலவே பேசிக் காட்ட, வகுப்பே சிரித்தது. அவளும் சிரித்தாள். தன்னைப் பார்த்துச் சிரிக்காமல் வேறொருவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்ற நிம்மதி அந்தச் சிரிப்பில் கலந்திருந்தது.

மறுநாள் உணவு இடைவேளையில் அவனிடம் சென்றாள். எந்த மொழியில் பேசுவது என்று தெரியவில்லை. அவனுடைய அசாமிய மொழி அவளுக்குத் தெரியாது; அவளுடைய தமிழ் அவனுக்குத் தெரியாது. இந்தியில் தொடங்கினாள், சொல் வரவில்லை. இறுதியில் இருவருக்கும் அரைகுறையாகத் தெரிந்த மலையாளத்தில், அன்று தான் சிரித்தது தவறு என்றாள். அதிலும் ஒரு பிழை இருந்தது. அவன் அப்பிழையைக் கண்டுகொண்டான். “அது அப்படி இல்லை” என்று திருத்திவிட்டுச் சிரித்தான். அவளும் சிரித்தாள்.

அன்று மாலை இஸ்திரி வண்டியருகே தந்தையிடம் இதைச் சொன்னாள். அவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, “அந்தப் பையன் அப்பா சட்டையும் நம்மகிட்டதான் வருது தாயி. நாளைக்கு நீயே கொண்டுபோய்க் குடு” என்றார். படகுத்துறையில் காக்கநாட்டுப் படகு புறப்பட்டது. அவள் விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினாள்.

சொல்லும் பொருளும்

அங்கதம் – குறையைச் சுட்டும் நகை எழுத்து
பழிகரப்பு – பழியை மறைத்துக் கூறல்
பாகம் – ஆழத்தை அளக்கும் ஓர் அளவு, ஏறத்தாழ ஆறடி
தெப்பம் – மரங்களைப் பிணைத்து அமைக்கும் மிதவை
சிரட்டை – தேங்காயின் ஓடு; கொட்டாங்கச்சி
பீலி – மயிலின் தோகை

பயிற்சி

1. ‘மார்க் ட்வைன்’ என்னும் புனைபெயர் தோன்றிய வரலாற்றை எழுதுக.
2. அங்கதத்தின் இரு வகைகளை விளக்கி, ஹக்கின் கடிதம் எவ்வகையைச் சாரும் என்பதைக் காரணத்துடன் கூறுக.
3. ஒரு பழைய நூலில் உள்ள இழிசொல்லை மாற்றிப் பதிப்பிக்கலாமா? இரு தரப்புக் கருத்துகளையும் எழுதி, உம் முடிவைக் கூறுக.
4. உம் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்லும் நிகழ்ச்சியை, அவர் பேசுகிறபடியே ஒரு பக்க அளவில் எழுதுக. திருத்த வேண்டாம்.
5. பம்பாய் நிகழ்ச்சியைக் கண்ட ட்வைன் தம் தந்தையை நினைத்தது ஏன்? மாணவி தன் சிரிப்பை நினைத்ததோடு இதனை ஒப்பிடுக.